கொல்லையில் ஒரு வீடு

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாநிலத்தில், குடியிருக்கும் வீட்டின் கொல்லையிலேயே இன்னொரு சிறு வீடு அமைத்துக்கொள்ளும் வழக்கம் பெருகியிருக்கிறது. முதிய பெற்றோரைக் குடிவைக்கப் பலர் இதனை நாடுவதால் ‘பாட்டி வீடு’ என்றும் அதற்குப் பெயர் உண்டு. சமையலறை, குளியலறை, தனி வாயில் யாவும் அமைந்த முழு வீடு அது. அதனைத் தொழிற்சாலையிலேயே செய்து, லாரியில் கொணர்ந்து, அஸ்திவாரத்தின்மேல் இறக்கிவைத்துவிடலாம். இது முற்றிலும் புதுமையன்று. ஸியர்ஸ் ரோபக் என்னும் நிறுவனம் 1908-லேயே விலைப்பட்டியல் வழியாக வீடுகளை விற்கத் தொடங்கி, பின்னர் அளவாக அறுத்த மரங்களை ரயிலில் அனுப்பிவந்தது.

அங்கே வாழும் என் பழைய மாணவர் ஒருவர், முழங்கால் வலியால் படியேற இயலாத தம் அன்னையாருக்காக இத்தகைய வீடொன்று அமைக்க எண்ணி, மனையின் படத்தை எனக்கு அனுப்பினார். அவர் அனுப்பிய வண்ணப்படங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆயினும் வீட்டைத் தேர்ந்தெடுக்குமுன் மனையை அளப்பதே முறை.

மாணவர்களே, தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லையின் அகலம் 50 அடி, நீளம் 40 அடி. 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டங்களின்படி, பக்கங்களிலும் பின்புறத்திலும் 4 அடி விட்டால் போதும். 800 சதுர அடி வரை, 16 அடி உயரத்துக்குள் அடங்கும் தனி வீட்டை நகராட்சி தடுக்க இயலாது. முழுமையான விண்ணப்பம் கிடைத்த 60 நாட்களுக்குள் முடிவு கூறவும் வேண்டும். பழைய வீட்டுக்கும் புதியதற்கும் இடையே 10 அடி விட்டாலும், 42 அடிக்கு 26 அடி எஞ்சுகிறது. 40-க்கு 20 என 800 சதுர அடி வீடு அதில் அடங்கும். எனினும் 37-க்கு 20 போதும் என்பது என் கருத்து. 750 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு நகர வளர்ச்சிக் கட்டணம் இல்லை. மூன்றடி நீளத்துக்காக அதனைச் செலுத்துவானேன்?

அடுத்தது கழிவுநீர்க் குழாய். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். பழைய குழாயோடு இணையும் இடம் 60 அடி தொலைவில் இருக்குமாயின், குழாய் 15 அங்குலம் தாழ்ந்து செல்லவேண்டும். பழைய குழாய் அந்த ஆழத்தில் இல்லையெனில், கழிவுநீரை மேலேற்ற ஒரு பம்பு வைத்தாகவேண்டும். விளம்பரத்தில் காணும் விலையில் இவையெல்லாம் அடங்குவதில்லை. அஸ்திவாரம், குழாய், மின்கம்பி, பாரந்தூக்கி ஆகியவற்றுக்குத் தனித்தனியே பணம் வேண்டும்.

பாரந்தூக்கி, அதாவது கிரேன், நெம்புகோலின் விதிக்குக் கட்டுப்பட்டது. கை நீள நீள, அது தாங்கும் சுமை குறையும். தெருவில் நின்று பழைய வீட்டைத் தாண்டி இறக்கவேண்டுமாயின் மிகப் பெரிய இயந்திரம் தேவைப்படும். மேலே மின்கம்பி குறுக்கிட்டால் அதுவும் பயன்படாது. எட்டரை அடிக்கு மேற்பட்ட அகலமுள்ள சுமையைச் சாலையில் கொண்டுவரத் தனி அனுமதியும் வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. இவ்வகை வீடுகளின் தரை பெரும்பாலும் மண்மட்டத்துக்கு மேலே உயர்ந்தே நிற்கும். அவர் தேர்ந்த வீட்டின் தரை 2 அடி உயரம். படியேற இயலாதவருக்காக அல்லவா இவ்வளவும்! ஓரடி ஏற 12 அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. ஆகவே 24 அடிச் சாய்தளம் வேண்டும். கொல்லையில் அதற்கு இடம் எங்கே? பள்ளம் தோண்டி அஸ்திவாரத்தைத் தாழ்த்தி, வாசலைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவரலாம். மழைநீர் தேங்காமல் வடிகால் அமைக்கவேண்டும். செலவு கூடினும் அதனையே செய்யுமாறு எழுதினேன், அவரும் இசைந்தார்.

இனி அனுமதி. வீட்டின் உட்பகுதி மாநில விதிகளின்படி தொழிற்சாலையிலேயே சோதிக்கப்பட்டு முத்திரை பெறுகிறது. நகராட்சி அதிகாரி சோதிப்பது அஸ்திவாரத்தையும் குழாய், மின் இணைப்புகளையும்தான். ஆகவே, தொழிற்சாலையில் சுவர்கள் எழும் வேளையிலேயே கொல்லையில் வானம் தோண்டத் தொடங்கலாம். இறுதிச் சோதனை முடிந்த பிறகே அன்னையார் குடிபுகலாம்.