கொழுப்பும் கொதிப்பும்



ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலைக்குள் சென்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பதனிட்ட தோல் எண்ணெய் ஊட்டப்பெறாமல் உலர்ந்தால் பலகைபோல் விறைத்துவிடும். எண்ணெய் ஊட்டினால் துணிபோல் துவளும். நம் உடலிலுள்ள தமனிகளின் இயல்போ இதற்கு நேர்மாறானது. அவற்றின் சுவரில் கொழுப்பு ஏற ஏற, அவை நெகிழ்ச்சி இழந்து விறைத்துப்போகின்றன.

கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் நஞ்சன்று. உயிரணுக்களின் சவ்வு அமைவதற்கு அது இன்றியமையாதது. நம் கல்லீரலே அதனை ஆக்கித் தருகிறது. அளவு மிஞ்சும்போதுதான் தீங்கு விளைகிறது. மிஞ்சியது தமனியின் உட்சுவரில் புகுந்து படிகிறது. இதயம் இரத்தத்தைத் தள்ளுந்தோறும் விரிந்து கொடுக்க வேண்டிய குழாய் விரிய மறுக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் உட்சுவரைப் புண்படுத்திக் கொழுப்புக்கு மேலும் வழி திறந்துவிடுகிறது.

அமெரிக்காவில் இரத்தக் கொதிப்பு இல்லாத ஆண் மருத்துவர் 3,110 பேரை ஏறத்தாழ 14 ஆண்டுகள் கவனித்து, 2006இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. தொடக்கத்தில் கொலஸ்டிரால் மிகுந்திருந்தோர்க்குப் பின்னாளில் கொதிப்பு வருவது சற்றே கூடுதலாக இருந்தது. 'சற்றே' என்ற சொல்லை மறவாதீர்கள். கொழுப்பு மிகுந்தார் அனைவர்க்கும் கொதிப்பு வருவதில்லை. கொதிப்புடையார் அனைவர்க்கும் கொழுப்பு மிகுந்திருப்பதுமில்லை.

இதனை அறியாமையால் நேர்ந்த இழப்பு ஒன்றை நான் கண்ணாரக் கண்டேன். என்னுடன் பணியாற்றிய கணித ஆசிரியர், காம்பசு இன்றிக் கரும்பலகையில் முழு வட்டம் வரையும் கைத்திறன் உடையவர், மெலிந்த உடலினர். ஒருநாள் இரத்தப் பரிசோதனைச் சீட்டை என்னிடம் காட்டி, "கொலஸ்டிரால் சரியாக இருக்கிறது, ஐயா. இனி எனக்குக் கொதிப்பு எங்கிருந்து வரும்?" என்றார். தலைமையாசிரியனாகிய நானும் தலையசைத்தேன். அழுத்தத்தை அளந்து பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை. அடுத்த ஆண்டு பக்கவாதம் அவருடைய வலக்கையை முடக்கிவிட்டது. அவருக்கு நெடுநாளாகவே கொதிப்பு இருந்தது என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம்.

கொதிப்பு பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. கையில் பட்டை கட்டி அளப்பதொன்றே அதனை அறியும் வழி. மருத்துவமனையில் மீண்டும் மீண்டும் அளந்தும் 140க்கு 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ இருந்தால் அது கொதிப்பு எனப்படும். கொலஸ்டிராலையோ இரத்தத்தைச் சோதித்துத்தான் அறிய முடியும். ஒரு சோதனை மற்றொன்றுக்கு ஈடாகாது.

இவற்றைப் பெருக்கும் உணவுகளும் வேறு வேறு. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பு அழுத்தத்தை ஏற்றும். நெய்யும் கொழுத்த இறைச்சியும் கொலஸ்டிராலை ஏற்றும். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாள்தோறும் நடப்பது இரண்டுக்கும் நல்லது.

இவை நகரத்தார் நோய் என்று எண்ணிவிடாதீர்கள். வேலூர்ப் பகுதியில் 1991–94 ஆண்டுகளிலும் 2010–12 ஆண்டுகளிலும் நடந்த ஆய்வுகள், இதய நோயும் அதற்கு ஏதுவானவையும் கிராமங்களிலும் விரைந்து பெருகியதைக் காட்டின.

இன்று மாலை வீடு சென்றதும் பெற்றோரிடம், "இரண்டையும் அளந்து பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அன்று என் நண்பரிடம் நான் கேட்கத் தவறிய கேள்வி அதுவே.