ஒரு தட்டு முழுதும் ஒரே பாட்டு

இசைத்தட்டு என்பது பாட்டுகளை அடைத்து விற்கும் பெட்டிதானா, அல்லது அதுவே ஒரு கலைப்படைப்பாகக் கூடுமா? இக்கேள்விக்கு விடை காண, மாணவ நண்பர்களே, மோட்டார்த் தொழிலுக்குப் பேர்பெற்ற அமெரிக்க நகரமாகிய டெட்ராய்ட்டுக்குச் செல்ல வேண்டும்.

கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல் முறையிலே காதற்பாட்டு கலந்து பிறந்தது ‘ஸோல்’ இசை. அதனை நாடெங்கும் பரப்பிய கம்பெனிகளுள் ஒன்று, பெர்ரி கார்டி 1959-இல் தொடங்கிய மோட்டௌன். அவர் முன்பு கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எழுதுவோர் சிலர், வாசிப்போர் சிலர், பாடுவோர் சிலர் என்று வேலையைப் பிரித்து, கார் பூட்டுவது போலவே பாட்டையும் பூட்டினார். பாட்டுகள் மூன்று நிமிஷக் குறுந்தட்டுகளாக விற்றன. பக்கத்துக்கு இருபது நிமிஷம் ஒலிக்கவல்ல நெடுந்தட்டு 1948-லேயே வந்துவிட்டது. எனினும் விலைபோன பாட்டோடு மிச்சம் மீதியைச் சேர்த்து நிரப்பவே அது பெரும்பாலும் பயன்பட்டது.

அக்கம்பெனியின் புகழ்பெற்ற பாடகர் மார்வின் கே. 1970-இல், அவரோடு இணைந்து பாடிய டாமி டெரல் இளவயதிலேயே காலமானார். தம்பியோ வியட்நாம் போர்க்களம் கண்டு திரும்பியவர். இனியும் காதலையே பாடிக்கொண்டிருக்க கே-யின் மனம் இடந்தரவில்லை. ‘வாட்ஸ் கோயிங் ஆன்’, அதாவது ‘என்னதான் நடக்கிறது’, என்ற பாட்டைப் பதிவு செய்தார். கார்டிக்கு அது பிடிக்கவில்லை. அதை வெளியிட்டாலன்றி வேறெதுவும் பாடேன் என்று கே உறுதியாக நின்றார். 1971 ஜனவரியில் பாட்டு வெளிவந்தது, மளமளவென்று விற்றது. பிறகு கார்டியே முழுத்தட்டு கேட்டார்!

அவ்வாண்டு மே மாதம் வெளிவந்த அத்தட்டில் ஒன்பது பாட்டுகள். போர், வேலையின்மை, போதைப்பழக்கம், மாசடைந்த காற்றும் கடலும் ஆகியவையே பொருள். பெரும்பாலும் ஒரு பாட்டு முடிய இடைவெளியின்றி அடுத்தது தொடங்குகிறது; இறுதியில் முதற்பாட்டின் மெட்டு பல்லவி போலத் திரும்பி வருகிறது. கே-யின் குரல் இரண்டாகக் கேட்பது ஒரு தற்செயல்: தனித்தனியே பாடிய இரு பதிவுகளை ஒலிப்பதிவாளர் சேர்த்து ஒலிக்கவிட, பாடகர் அதையே வைத்துக்கொண்டார். இன்னொன்றையும் நான் பெரிதாக மதிக்கிறேன். மோட்டௌன் உறைகளில் அதுவரை காணப்படாத வாத்தியக்காரர்களின் பெயர்கள் இதில் அச்சேறின. அடிநாதம் போலத் தாழ்ந்து ஒலிக்கும் கிதாரை வாசித்த ஜேம்ஸ் ஜேமர்ஸன் அவர்களுள் ஒருவர்.

அதே கம்பெனியின் ஸ்டீவி வொண்டரும் பின்னர்த் தம் தட்டுகளைத் தாமே ஆளும் உரிமையைப் பெற்றார். 1973-இல் வந்த ‘இன்னர்விஷன்ஸ்’ அவ்வுரிமையின் கனி. 2020-இல் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை, தலைசிறந்த ஐந்நூறு தட்டுகளுள் கே-யின் தட்டுக்கு முதலிடம் தந்தது. பட்டியல்களை நான் அவ்வளவாக நம்புபவனல்லன். முப்பத்தைந்து நிமிஷம் ஒதுக்கி, இடையில் நிறுத்தாமல் கேட்டுப் பாருங்கள்.