நடுவயதில் நீர்வண்ணம் பயிலுதல்

மக்கள் கற்கத்தக்க கலைகள் பலவற்றுள்ளும், கற்கத் தொடங்குமுன்னரே பெரும்பாலோரை அஞ்சி விலகச் செய்வது சித்திரக்கலை. "எனக்கு நேராக ஒரு கோடு கூட வராது" என்று கூறாதார் அரியர். பாட்டுக் கல்லாதவரும் தனித்திருக்கும்போது வாய்விட்டுப் பாடுவர். சித்திரம் கல்லாதவரோ கதவைத் தாழிட்டுக்கொண்டும் ஒரு மரத்தை வரையத் துணியார். இவ்வச்சம் எங்கிருந்து வருகின்றது, நீர்வண்ணம் என்னும் வகையில் அஃது ஏன் இருமடங்காகின்றது, அதனைக் கடப்பது எவ்வாறு என்பவற்றை, யாம் நாற்பத்தாறாம் வயதில் பட்ட பாட்டைக்கொண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். யாம் சித்திரக்காரர் அல்லோம். பௌதிகம் போதிப்பதே எம் தொழில். இக்கட்டுரையைப் படித்துச் சித்திர வல்லுநர் நகைப்பாராயின், அந்நகைப்பும் எமக்குப் புதிதன்று.

புதிதன்று என்றதற்குக் காரணம் உண்டு. யாம் பத்து வயதில் வரைந்த கிளி ஒன்றை ஆசிரியர் ஒருவர் வகுப்பினர் அனைவர்க்கும் தூக்கிக் காட்டி, "இஃது என்ன பறவை?" என்று வினவினார். ஒருவன் கோழி என்றான். மற்றொருவன், அது பறவையே அன்று என்றான். அதன்பின் முப்பத்தாறு ஆண்டுகள், கண்ணாடி வில்லைகளையும் ஒளிக்கதிர்களையும் கரும்பலகையில் கீறியதன்றி, யாம் ஒன்றும் வரைந்திலோம்.

நேயர்களுள் பலர்க்கும் இதனையொத்த ஒரு கிளி இருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதில் வரைவதை நிறுத்தியவர்க்குக் கை அவ்வயதிலேயே நின்றுவிடுகின்றது. கண்ணோ நிற்பதில்லை, நாடோறும் நல்ல படங்களைக் கண்டு கண்டு தேர்ச்சி பெறுகின்றது. நாற்பது வயதில் தூரிகை எடுப்பவர், பத்து வயதுக் கை செய்ததை நாற்பது வயதுக் கண்ணால் பார்க்கின்றார். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரமே அச்சம் எனப்படுவது. குழந்தைக்குக் கையும் கண்ணும் ஒரே வயதின. ஆதலின் அஃது அஞ்சுவதில்லை.

எம்மைத் தூரிகை எடுக்கத் தூண்டியது ஒரு வீடு. தாமிரபரணிக் கரையில் எம் தந்தையார் கட்டிய அவ்வீட்டில் குடியிருப்பார் இலராகவே, உடன்பிறந்தோம் அனைவரும் கூடி அதனை விற்பது என்று முடிவு செய்தோம். விற்குமுன் அதன் திண்ணையை எம் கையால் ஒரு படமாக எழுதி, எம்முடன் வாழும் தாயாரிடம் கொடுத்தல் வேண்டும் என்று ஓர் ஆசை பிறந்தது. புகைப்படம் எடுத்தால் நொடியில் முடியுமே என்பார்க்கு விடையிறுக்க எம்மால் இயலாது, புகைப்படமும் எடுத்தோம், ஆசை தீர்ந்தபாடில்லை. எனவே பருத்தியிழையாலான உயர்ந்த தாள், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளது, பத்து வாங்கினோம். விலையைப் பார்த்தபின் அவற்றைக் கெடுத்துவிடுவோமோ என்னும் அச்சம் மிகுந்தது. கை தேறட்டும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டினோம். இரண்டு மழைக்காலங்கள் கழிந்தன. வீடும் கைமாறி இடிபட்டது.

பின்னர் ஒரு நாள் துணிந்து முதல் தாளை எடுத்து நீலம் தீட்டினோம். நீலம் பரவாமல், வைத்த இடத்திலேயே கரும்புள்ளிகளாக உள்ளே இறங்கிவிட்டது. காகிதம் இயல்பில் ஒற்றுத்தாளைப் போல நீரை உறிஞ்சுவது. நீர்வண்ணத்துக்கெனச் செய்யும் தாளுக்கு, விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டின் முதலிய பசையை ஏற்றுவர். அப்பசை நீரைச் சிறிது நேரம் மேலே தாங்கி நிறுத்தும். நீர் அவ்வாறு நிற்கும் நேரமே சித்திரக்காரர்க்கு உரிய நேரம். ஈரக்காற்றில் நெடுநாள் கிடந்தால் பசை கெடும்; பூஞ்சணமும் அதனை உண்ணும். ஆகவே யாம் கெடுத்துவிடுவோம் என்று அஞ்சிக் காத்த பத்துத் தாள்களும், யாம் தொடாமையாலேயே கெட்டன. அன்று எமக்கு நேர்ந்த வெட்கம் கிளியால் நேர்ந்ததினும் பெரிது.

பெரியோர்க்கும் இவ்வச்சம் உண்டு என்பதற்கு வின்ஸ்டன் சர்ச்சில் சான்று. டார்டனெல்ஸ் போரில் நேர்ந்த தோல்வியை ஒட்டி 1915-ஆம் ஆண்டு மே மாதத்தில் கடற்படை அமைச்சர் பதவியை இழந்த அவர், சரே மாவட்டத்துப் பண்ணை வீடொன்றில் மனச்சோர்வுடன் தங்கியிருந்தார். வயது நாற்பது. அங்கே தம் தம்பியின் மனைவியார் தோட்டத்தில் அமர்ந்து நீர்வண்ணம் தீட்டுவதைக் கண்டு, பிள்ளைகளின் வண்ணப்பெட்டியை வாங்கித் தாமும் தீட்டினார். அடுத்து எண்ணெய் வண்ணம் வாங்கித் துணிச்சட்டத்தின் முன் நின்றபோது, போர்க்களம் கண்ட அம்மனிதர் அவரை விதையளவு நீலத்தை வைத்துவிட்டுத் திகைத்து நின்றார். அவ்வழியே வந்த, சித்திரக்காரர் ஜான் லாவெரியின் மனைவியார் பெருந்தூரிகை ஒன்றைப் பிடுங்கித் துணியின்மீது வீசி வீசித் தீட்டிக் காட்டவே, அச்சம் அகன்றது. இவற்றை அவரே ஒரு கட்டுரையில் எழுதியுள்ளார். அக்கட்டுரை 1948-இல் தனி நூலாக வெளிவந்தது. எண்ணெய் வண்ணத்தைச் சிறப்பிக்க அவர் கூறும் காரணம் ஒன்று எம் கருத்தைக் கவர்ந்தது: காலையெல்லாம் செய்த பிழையைக் கத்தியால் ஒரே வீச்சில் வழித்தெடுத்துவிடலாம் என்பது.

நீர்வண்ணத்தில் அது கூடாது. வண்ணத்தூள், வேலமர இனத்துப் பிசின், நீர் ஆகிய மூன்றே அதில் முதன்மையானவை. அது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ நிற்பது. ஒளி அதனைக் கடந்து தாளின் வெண்மையைத் தொட்டு மீள்கின்றது. படத்தின் வெண்ணிறம் தாளே. ஆதலின் வெளிச்சமான இடங்களை முதலிலேயே விட்டுவைத்து, மெல்லிய நிறத்தினின்று அடர்ந்த நிறத்துக்குச் செல்லல் வேண்டும். இருளாக்கிய இடத்தை மீண்டும் வெளிச்சமாக்குவது எளிதன்று. நீரோ எவர் சொல்லையும் கேளாது. இவற்றை அறியாதவர்க்கு நீர்வண்ணம் கொடியது. அறிந்தவர்க்கும் சிறிது கொடியதே.

யாம் வகுப்பில் இருபதாண்டுகளாகக் கூறிவரும் செய்தி ஒன்று இங்கே எமக்குத் துணையாயிற்று. தீட்டிய பகுதி உலர்ந்தபின் அதன் ஓரம் மட்டும் கருத்த கோடாகத் தெரிவதைக் கண்டு முதலில் எம் கையை நொந்துகொண்டோம். காப்பித் துளி மேசையில் உலர்ந்தாலும் அவ்வாறே வளையம் படிகின்றது அன்றோ? சிகாகோப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 1997-ஆம் ஆண்டில் இதன் காரணத்தை விளக்கினர். துளியின் விளிம்பு தான் தொட்ட இடத்திலேயே பற்றி நிற்க, அவ்விளிம்பில் நீர் விரைந்து ஆவியாகின்றது. அவ்விழப்பை ஈடுசெய்ய நடுவிலுள்ள நீர் விளிம்பை நோக்கி ஓடுகின்றது. ஓடும் நீர் துகள்களையும் சுமந்துசென்று அங்கே குவிக்கின்றது. கருங்கோடு எம் பிழையன்று, நீரின் இயல்பு என அறிந்த அன்று மாலை, ஈரத் தூரிகையால் ஓரத்தை மெல்லத் தடவி அதனைக் கரைக்கவும், வேண்டிய இடத்தில் கூரை விளிம்பாக விட்டுவைக்கவும் கற்றோம். பாடம் நடத்துவோர் தம் பாடத்தைத் தாமே நம்புவதற்கு இத்தனை ஆண்டு ஆயிற்றே என்று மனைவியார் நகைத்தனர்.

பயிற்சிக்கு முதல் ஆசானாக யாம் கொண்டது ஜான் ரஸ்கினை. லண்டனில் 1854-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தொழிலாளர் கல்லூரியில், பகலெல்லாம் உழைத்துவரும் வளர்ந்த ஆடவர்க்கு அவர் சித்திரம் கற்பித்தார். அவர்களுள் ஜார்ஜ் ஆலன் என்னும் தச்சர் ஒருவர். பின்னாளில் அவரே ரஸ்கினின் நூல்களைப் பதிப்பித்தவர். 1857-இல் ரஸ்கின் வெளியிட்ட பயிற்சி நூல் ஒரு சதுரத்தைக் கோடுகளால் சீராக நிரப்புவதில் தொடங்குகின்றது. அழகான பொருள் ஒன்றும் இல்லை. ஆதலின் நகைக்கப்படுவோம் என்னும் அச்சமும் இல்லை. வெறுஞ்சதுரத்தைக் கண்டு, இஃது என்ன பறவை என்று எவர் கேட்பார்?

மலிந்த தாளை அஞ்சலட்டை அளவாக நறுக்கி, நாளொன்றுக்கு அரைமணி நேரம், ஒரே நிறத்தால் சதுரங்களை நிரப்பினோம். பலகையைச் சிறிது சாய்த்து வைத்து, தூரிகை நிறைய வண்ணம் எடுத்து மேலே குறுக்காக ஓர் இழுப்பு. கீழ் விளிம்பில் நீர் முத்துப்போல் திரண்டு நிற்கும். அம்முத்தைத் தொட்டவாறே அடுத்த இழுப்பு. இறுதியில் எஞ்சும் முத்தைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சிவிடல் வேண்டும். இடையில் நின்று "நன்றாக வருகின்றதா" என்று பார்ப்பவனுக்குக் கோடு விழும். தாள் பளபளவென்று இருக்கும்வரை புதிய நிறத்தை உள்ளே விடலாம். பளபளப்பு மங்கிய பின்னர் நீர் மிகுந்த தூரிகையால் தொட்டால், புதுநீர் பழைய நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூக்கோசு போன்ற கறையை உண்டாக்கும். அப்பொழுது செய்யத்தக்கது ஒன்றே: கையைக் கட்டிக்கொண்டு இருத்தல். புறங்கையை வைத்துப் பார்த்துக் குளிர்ச்சி இல்லையாயின் தாள் உலர்ந்தது என அறியலாம். எம் நாட்டு வெயிலில் இவை யாவும் நூல்களிற் கூறிய காலத்தினும் விரைந்து நடப்பதால், காலை ஏழு மணிக்கு முன் அமர்வது நலம்.

வண்ணங்களுள்ளும் பொறுமையுள்ளவை, பொறுமையற்றவை என இருவகை உண்டு. பிரஷ்ய நீலம் தாளிழையில் ஊறிவிடும், அழித்தல் அரிது. அல்ட்ராமரீன் என்னும் நீலம் முற்காலத்தில் ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லை அரைத்துப் பெறப்பட்டது. 1820-களில் பிரான்ஸ் தேசத்தில் செயற்கையாகச் செய்யக் கண்டபின் விலை தாழ்ந்தது. அதன் துகள் தாளின் குழிகளில் தங்குமேயன்றி ஆழ ஊறாது. நனைத்து ஒற்றினால் பெரும்பகுதி வந்துவிடும். அஞ்சுவோர் இதனோடு தொடங்குக. சுட்ட செங்காவி மண்ணிறம் ஒன்றை இதனோடு கலப்பின் மழைமேகம் முதல் பழஞ்சுவர் வரை எத்தனையோ சாம்பல் நிறங்கள் கிடைக்கும். யாம் இன்றுவரை இவ்விரண்டனோடு ஒரு மஞ்சளையும் சேர்த்து மூன்றே வைத்துள்ளோம்.

ரஸ்கினின் மற்றொரு பயிற்சி, வெள்ளை அட்டையில் பட்டாணியளவு துளையிட்டு அதன்வழியே பொருள்களின் நிறத்தைக் காண்பது. எம் வீட்டுப் பின்சுவர் வெள்ளை என்பதே எம் எண்ணம். மாலை நிழலில் துளைவழியே பார்த்தால் அது கத்தரிப்பூ நிறமாய் நின்றது. இரண்டு நாள் எமக்கு அதே வேலை. பழகிய தெருவில் பார்க்காத நிறங்கள் இத்தனை இருந்தமை வியப்பே.

இவ்வாறு ஏறத்தாழ இருநூறு அட்டைகள் கெட்டபின், புகைப்படத்தையும் நினைவையும் துணைக்கொண்டு திண்ணையை எழுதினோம். ஓட்டுக் கூரை சாய்ந்தது. படிக்கட்டு ஒன்று காற்றில் நின்றது. எனினும் திண்ணையின் நிழல் ஒருவாறு நிழலாகவே வந்திருந்தது. நெஞ்சு படபடக்கத் தாயாரிடம் நீட்டினோம். எண்பத்திரண்டு வயதுடைய அவர் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்து, விரலால் எண்ணினார்.

"நாலு தூண்லா உண்டு, ஐயா? மூணுதானே போட்டிருக்கே?"

புகைப்படத்தில் நான்காம் தூண் முருங்கை மரத்தால் மறைந்திருந்தது. அத்தூணில்தான் தந்தையார் சாய்ந்து செய்தித்தாள் படிப்பாராம். அவர் தலையெண்ணெய் பட்டுப் பட்டு ஓரிடம் மட்டும் பழுப்பாக இருக்குமாம். வெள்ளையடிப்போர் எத்தனை முறை அடித்தும் அது மேலே வந்துவிடுமாம். அதனையும் போடவேண்டும் என்றார். செங்காவியில் நீலம் ஒரு துளி கலந்தால் அந்நிறம் வரும். அடுத்த தாளை அலமாரியில் வைக்காமல் அன்றே நறுக்கினோம்.