மணித் துளையில் மறைந்திருக்கும் தூசி

திருவனந்தபுரம் பழவங்காடியில் வாங்கிய கண்ணாடி மணியில் நூல் நுழையவில்லையா? ஊதிப் பார்க்காதீர்கள். துளையை அடைத்திருப்பது களிமண்ணாக இருக்கலாம்.

உத்தரப் பிரதேசத்தின் புர்தில்நகரில், களிமண் பூசிய கம்பியில் உருகிய கண்ணாடியைச் சுற்றி மணி செய்கிறார்கள். கம்பியை உருவினாலும் மண் தங்கிவிடும். (ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டை மணிகள் வேறு ரகம், குழலாக இழுத்து நறுக்கப்படுபவை.)

காய்ந்த மண்ணைக் குடைந்தால் சிலிக்கா தூசி நுரையீரலுக்குப் போகும். 1948 தொழிற்சாலைச் சட்டமே சிலிக்கோசிஸைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. திண்ணையில் மணி கோப்பவரை அது எங்கே எட்டியது?

மணியை இரவெல்லாம் ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே பிடித்து, வைரத்தூள் பதித்த ஊசி அரத்தை மெல்லச் சுழற்றுங்கள். பாதி இந்தப் பக்கம், மீதி மறுபக்கம். அழுத்தினால் விளிம்பு உடையும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் துளைப்பான் ஈரத்தில் கூடவே கூடாது. மிஞ்சும் சேற்றைக் காயவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.