ஒரு மாத்திரைக்குள் ஓர் ஏலம்

சாம்பல் நிறத்தில் கொழுகொழுவென்று ஒரு பூனை. வாயைத் திறந்து, கண்ணை அகல விரித்து எதையோ கேட்கிறது. எனக்கு ஒரு சீஸ் பர்கர் கிடைக்குமா என்று பிழை மலிந்த ஆங்கிலத்தில் படத்தின் மேலேயே எழுதியிருக்கிறது. இணையத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த படம்தான். 2007 ஜனவரியில் ஹவாயைச் சேர்ந்த எரிக் நாககாவா, காரி உனெபசாமி என்ற இரு நண்பர்கள் அதை வைத்து ஒரு தளம் தொடங்கினார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த பூனை எங்கே என்று கேட்டார்கள். பிறகு, தங்கள் வீட்டுப் பூனைகளைப் படமெடுத்து, வசனம் எழுதி, அவர்களே அனுப்பத் தொடங்கினார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பென் ஹூ என்பவர் தலைமையில் சில முதலீட்டாளர்கள் ஏறக்குறைய 20 லட்சம் டாலர் கொடுத்துத் தளத்தை வாங்கினார்கள். சியாட்டிலிலிருந்து இயங்கிய அவர்களின் சிறு நிறுவனம் ஒரு தளத்தோடு நிற்கவில்லை. சொதப்பல்களுக்கென ஒரு தளம் 2008இல் சேர்ந்தது. இணையக் கேலிகளின் பூர்வீகத்தை ஆராயும் ‘நோ யுவர் மீம்’ 2011இல் வந்தது. நாய்க்கு ஒன்று, வரைபடக் கேலிக்கு ஒன்று என்று குடும்பம் பெருகி ஐம்பதைத் தொட்டது. எதற்கும் வாசகரிடம் கட்டணம் கிடையாது. அப்படியானால் காசு எங்கிருந்து வந்தது?

விடை ஒரு மாத்திரைக்குள் இருக்கிறது. விழுங்கும் மாத்திரையைச் சொல்லவில்லை. நம் இலக்கணக்காரர்கள் எழுத்தின் ஒலியளவை அளந்த மாத்திரை: இயல்பாக ஒருவர் கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. இன்றைய அளவில் ஓர் இமைப்பு ஏறக்குறைய ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கிலிருந்து பத்தில் நான்கு பங்கு வரை நீளும். பூனைத் தளத்தின் சுட்டியைத் தொட்டுவிட்டு நாம் கண்ணை ஓரிரு முறை மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும் காரியங்கள்தான் அந்தச் சிறு பதிப்பாளருக்குச் சோறு போடுகின்றன.

முதலில் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். என்ற ஏற்பாட்டை பால் மோக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்தார். ஆனால் ஐ.பி. எனப்படும் இந்த எண் முறையின் பழைய வடிவில் சாத்தியமான எண்களே ஏறக்குறைய 429 கோடிதான். ஐம்பது தளத்துக்கும் ஐம்பது எண் கேட்டால் கட்டுப்படியாகாது. ஒரே எண்ணில் ஐம்பது தளங்களும் குடியிருந்தால், வந்தவர் பூனையைப் பார்க்க வந்தாரா, நாயைப் பார்க்க வந்தாரா என்று கணினிக்கு எப்படித் தெரியும்? தீர்வு எளிமையானது. வாசலில் நிற்கும் உலாவி, யாரைப் பார்க்க வந்தேன் என்று பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். உலாவியும் தளமும் பேசிக்கொள்வதற்கென 1997இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிகள் இதைக் கட்டாயமாக்கின. ஒரே கதவிலக்கத்தில் பல குடித்தனம் சாத்தியமானது. தளக் குடும்பம் நடத்துவது மலிவானதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அடுப்பு ஒன்று, சமையல்காரர்கள் சிலர், பந்திகள் மட்டும் பல.

அடுத்தது தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சியாட்டிலுக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டிலேயே 12,000 கிலோமீட்டருக்கு மேல். ஒளியே ஆனாலும் போய்த் திரும்ப ஒரு நொடியின் எட்டில் ஒரு பங்கு ஆகும். ஒரு நடை போதாது. வணக்கம் சொல்ல ஒரு நடை, பூட்டும் சாவியும் ஒத்துப்பார்க்க ஒரு நடை, படத்தைக் கேட்க ஒரு நடை. அதற்குள் இமைகள் பல தடவை மூடித் திறந்திருக்கும், நாமும் வேறு பக்கம் போயிருப்போம். ஒளியை வேகப்படுத்த முடியாது, பூனையைப் பக்கத்தில் கொண்டுவரலாம். படத்தின் நகல்களை ஊர் ஊராக வைத்து, அருகில் இருப்பதிலிருந்து பரிமாறும் வேலையை, எம்.ஐ.டி. கணித அறிஞர் டாம் லெய்டனும் அவர் மாணவர் டேனி லெவினும் 1998இல் நிறுவிய அகமாய் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. பதிப்பாளர் உலகமெங்கும் கிட்டங்கி கட்ட வேண்டியதில்லை, வாடகை கொடுத்தால் போதும்.

பூனை வந்துவிட்டது. அதன் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. நாம் வந்து சேரும்வரை அந்தக் கட்டத்தில் என்ன விளம்பரம் வரும் என்று பதிப்பாளருக்கே தெரியாது. பக்கம் விரியத் தொடங்கியதும் அந்தக் காலி இடம் ஒரு விளம்பரச் சந்தைக்குச் சேதி அனுப்புகிறது: இன்ன பக்கம், இன்ன அளவு இடம், பார்ப்பவர் இன்ன ஊர், இன்ன வகை போன், முன்பு ஒட்டிவைத்த அடையாளக் குறி இது. சந்தை அதைப் பல நிறுவனங்களின் கணினிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பி விலை கேட்கிறது. பதில் சொல்லப் பெரும்பாலும் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குதான் அவகாசம். நேற்று செருப்பு பார்த்துவிட்டு வாங்காமல் போனவர் நீங்கள் என்றால், செருப்புக் கடையின் சார்பில் நிற்கும் கணினி கொஞ்சம் கூட்டிக் கேட்கும். அதனால்தான் ஒரே பூனையைப் பார்க்கும் இரண்டு பேருக்கு இரண்டு விதமான விளம்பரங்கள்.

இது மீன் ஏலம்போல ஒருவர் கூவ, இன்னொருவர் ஏற்றுவது அல்ல. டெண்டர்போல மூடிய உறை. நெடுங்காலம் இந்தச் சந்தைகளில் ஒரு விசித்திர விதி இருந்தது: அதிகம் கேட்டவர் ஜெயிப்பார், ஆனால் இரண்டாவதாக வந்தவர் கேட்ட விலையை ஒட்டியே கொடுப்பார். கேட்க அசட்டுத்தனமாகத் தோன்றினாலும், இந்த விதி இருந்தால் மனத்தில் உள்ள உண்மையான மதிப்பைச் சொல்வதே எல்லோருக்கும் லாபம் என்று வில்லியம் விக்ரி 1961இல் நிறுவிக் காட்டினார். 1996இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. இணைய விளம்பரத்தில் அந்த விதி நிலைக்கவில்லை. ஒரே இடம் பல சந்தைகளில் ஒருசேர ஏலம் போகத் தொடங்கியதும் கணக்கு குழம்பியது. கூகிளின் விளம்பரச் சந்தை 2019இல், சொன்ன விலையையே கொடுக்கும் முறைக்கு மாறியது.

இந்த ஏலத்தில் ஒரு நெருடலும் உண்டு. தோற்றவர்களுக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது. இடத்தை வாங்கியவர் ஒருவர்தான், நீங்கள் வந்துபோனதை அறிந்தவர்கள் பலர்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். விளம்பர விலை ஒரு பார்வைக்கு இவ்வளவு என்று பேசப்படுவதில்லை, ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு. ஆயிரத்துக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நம் ஒரு பார்வையின் விலை 5 பைசா. அதுவும் முழுதாகக் கைக்கு வராது. 2010இல் கூகிள் தன் ஆட்சென்ஸ் திட்டத்தில் பதிப்பாளருக்குத் தருவது 68 சதவீதம் என்று வெளிப்படையாக அறிவித்தது. அந்தக் கணக்கில் மிஞ்சுவது 3.4 பைசா. இந்தச் சில்லறையிலும் கைவைக்க ஆள் உண்டு. பிரபலத் தளத்தின் பெயரைப் போலியாகச் சொல்லி இடம் விற்றவர்கள் பெருகியதால், என் இடத்தை விற்க அனுமதி பெற்றவர்கள் இவர்கள்தான் என்று ஒவ்வொரு தளமும் ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதி வாசலில் வைக்கும் வழக்கம் 2017இல் வந்தது.

பைசாவில் வரும் வருமானத்துக்குப் பார்வைகள் மலைபோல் வேண்டும். ஒரு தளம் சலித்தால் இன்னொன்று தூக்கி நிறுத்த வேண்டும். குடும்பம் பெருகியதன் தர்க்கம் இதுதான். 2011 ஜனவரியில் அந்த நிறுவனம் 3 கோடி டாலர் முதலீடு திரட்டும் அளவுக்கு அது எடுபட்டது.

ஆனால் சிரிப்புக்கு வாசல் ஒன்றே ஒன்றாக நெடுநாள் இருக்கவில்லை. மக்கள் பூனைகளைத் தங்கள் சமூக ஊடகப் பக்கத்திலேயே பார்த்துப் பகிரப் பழகினார்கள். படம் ஊர் ஊராகப் பயணம் போயிற்று. அதன் பக்கத்திலிருந்த காலிக் கட்டம் மட்டும் கூடப் போகவில்லை. பென் ஹூ 2015இல் தலைமையிலிருந்து விலகினார். 2016இல் குடும்பம் முழுவதும் ‘லிட்டரலி மீடியா’ என்ற இஸ்ரேலிய நிறுவனத்துக்குக் கைமாறியது.

தளம் இன்றும் இருக்கிறது. அந்தப் பூனையும் அதே பிழையான ஆங்கிலத்தில் பர்கர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பர்கர் விலை 170 ரூபாய் என்று கொள்வோம். நம் 3.4 பைசாக் கணக்கில் அதை வாங்கிக் கொடுக்க, விளம்பரக் கட்டம் 5,000 முறை ஏலம் போக வேண்டும்.