தொடக்ககால பிரித்தானிய ஹெவி மெட்டல் இசைத்தொகுப்புகள்

ஹெவி மெட்டல் என்பது ராக் இசையிலிருந்து கிளைத்த, மின் கிட்டாரின் கனத்த ஒலியை முதன்மையாகக் கொண்ட ஓர் இசை வகையாகும். இது 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. 1970 முதல் 1982 வரை அங்கு வெளியான சில இசைத்தொகுப்புகள் இவ்வகையின் இலக்கணத்தை வகுத்தவையாகக் கருதப்படுகின்றன. அவற்றுள் முக்கியமானவற்றையும் அவை உருவான சூழலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

1960களில் இங்கிலாந்து இளைஞர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையைக் கற்று, அதை மின் கிட்டாரில் உரத்து வாசித்தனர். கிரீம் இசைக்குழுவும், இலண்டனில் புகழ்பெற்ற அமெரிக்கக் கலைஞர் ஜிமி ஹென்றிக்சும் இதற்கு வழிகாட்டினர். 1969இல் லெட் செப்பலின் வெளியிட்ட முதல் இரு தொகுப்புகள் அந்த ஒலியை மேலும் கனமாக்கின. எனினும் இவ்வகைக்குத் தனி முகம் கிடைத்தது, இரும்பு ஆலைகளும் வாகனத் தொழிற்சாலைகளும் நிறைந்த பர்மிங்காம் நகரில்தான்.

பிளாக் சபாத் (1970)

ஆஸி ஆஸ்போர்ன், டோனி அயோமி, கீசர் பட்லர், பில் வார்டு ஆகிய நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். தங்கள் குழுவின் பெயரையே முதல் தொகுப்புக்கும் சூட்டினர். 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்யப்பட்ட இத்தொகுப்பு, 1970 பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமையன்று வெளியானது.

மழையோசையும் மணியோசையும் கேட்க, மெதுவாக எழும் மூன்றே சுரங்கள் கொண்ட கிட்டார் வரியுடன் முதல் பாடல் தொடங்குகிறது. இவ்வாறு திரும்பத் திரும்ப வரும் குறுகிய இசைவரிக்கு 'ரிஃப்' என்று பெயர். ஹெவி மெட்டல் பாடல்கள் பெரும்பாலும் ரிஃப்பை அடித்தளமாகக் கொண்டே கட்டப்படுகின்றன. இப்பாடலின் ரிஃப்பில் வரும் சுர இடைவெளியை மேற்கத்திய இசையில் 'டிரைடோன்' என்பர். கர்நாடக இசை அறிந்தோர் இதைச் சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையிலான தொலைவாகப் புரிந்துகொள்ளலாம். மேற்கத்தியச் செவிக்கு இந்த இடைவெளி அமைதியின்மையைத் தருவது.

அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் இத்தொகுப்பை இகழ்ந்து எழுதியது. ஆனால் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் இது 8ஆம் இடம் பிடித்தது.

பாரனாய்டு (1970)

அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த இரண்டாம் தொகுப்பு பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. இதற்கு 'வார் பிக்ஸ்' என்று பெயரிடவே குழுவினர் எண்ணியிருந்தனர். அது போரை ஏவிவிட்டு, தாம் பாதுகாப்பாக இருந்துகொள்ளும் அதிகாரத்தினரைச் சாடும் பாடல். அப்போது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. பதிவு நிறுவனம் பெயரை மாற்றியது. அட்டையில் வாளும் கேடயமும் ஏந்திய மனிதனின் படம் மட்டும் பழைய பெயருக்குரியதாகவே நின்றுவிட்டது. தலைப்புப் பாடலான 'பாரனாய்டு', தொகுப்பில் நேரம் குறைந்ததால் கடைசியில் அவசரமாக எழுதப்பட்டது. அதுவே குழுவின் மிகப் புகழ்பெற்ற பாடலானது.

பிளாக் சபாத் சாத்தானைப் போற்றும் குழு என்ற பேச்சு அக்காலத்தில் பரவியது. பாடல்களைக் கவனித்துக் கேட்டால் போர், போதைப்பழக்கம், மனச்சோர்வு ஆகியவை பற்றிய அச்சமே அவற்றில் மிகுதியாக இருப்பது தெரியும்.

மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி (1971)

இத்தொகுப்பின் ஒலிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை விபத்து இருக்கிறது. அயோமி 17 வயதில் உலோகத் தகடு செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். வேலையை விடவிருந்த கடைசி நாளன்று, இயந்திரத்தில் சிக்கி அவரது வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகள் துண்டிக்கப்பட்டன. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால், தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுவே. இனி வாசிக்க இயலாது என்று அவர் மனமுடைந்திருந்தபோது, ஆலையின் மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கேட்கச் செய்தார். தீவிபத்தில் இரு விரல்கள் செயலிழந்த பின்னும் ஜாஸ் கிட்டாரில் சாதனை படைத்தவர் ரைன்ஹார்ட்.

அயோமி ஒரு பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறைகள் செய்தார். பழைய தோல் சட்டையிலிருந்து வெட்டிய துண்டுகளை அவற்றின்மேல் ஒட்டினார். தந்திகளை அழுத்துவது கடினமாக இருந்ததால் மெல்லிய தந்திகளைப் பூட்டினார். மூன்றாம் தொகுப்பின் சில பாடல்களில் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை மூன்று அரைச்சுரங்கள் இறக்கினார். விரல் நோவு குறைந்தது. ஒலியோ முன்னிலும் தடித்து இருண்டது. இன்று உலகெங்கும் மெட்டல் குழுக்கள் சுருதியை இறக்கி வாசிக்கும் வழக்கத்துக்கு இத்தொகுப்பு முன்னோடியாகும்.

டீப் பர்ப்பிள்: இன் ராக் (1970), மெஷின் ஹெட் (1972)

சபாத் மெதுவும் கனமும் என்றால், டீப் பர்ப்பிள் வேகமும் தேர்ச்சியும் எனலாம். ரிட்ச்சி பிளாக்மோரின் கிட்டாரும் ஜான் லார்டின் ஆர்கனும் ஒன்றோடொன்று போட்டியிடுவது 'இன் ராக்' தொகுப்பின் சிறப்பு. இயன் கில்லனின் உச்சத்தாயி அலறல் பின்வந்த பாடகர்கள் பலருக்கு முன்மாதிரியானது.

'மெஷின் ஹெட்' பதிவுக்காக 1971 டிசம்பரில் குழு சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகருக்குச் சென்றது. பதிவு செய்யவிருந்த சூதாட்ட அரங்கம் ஃபிராங்க் சாப்பாவின் நிகழ்ச்சியின்போது எரிந்துபோனது. ஏரியின்மேல் புகை படர்ந்ததைக் கண்ட குழுவினர் அதையே 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' என்ற பாடலாக்கினர். பதிவு பின்னர் ஒரு விடுதியின் தாழ்வாரங்களில் நடந்தது. கிட்டார் கற்போர் முதலில் பழகும் ரிஃப்களில் இப்பாடலின் ரிஃப்பும் ஒன்று.

ஜூடாஸ் பிரீஸ்ட்: சாட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி (1976), பிரிட்டிஷ் ஸ்டீல் (1980)

இரண்டு முன்னணிக் கிட்டார்கள் இணைந்தும் மாறிமாறியும் ஒலிக்கும் முறையை ஹெவி மெட்டலில் நிலைநிறுத்தியது ஜூடாஸ் பிரீஸ்ட். கே. கே. டௌனிங், கிளென் டிப்டன் ஆகியோரின் இரட்டைக் கிட்டார் 1976ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே முழு வடிவம் பெற்றது. ப்ளூஸின் சாயலும் படிப்படியாக விலகியது.

'பிரிட்டிஷ் ஸ்டீல்' பதிவான 1980இன் தொடக்கத்தில், பிரித்தானிய எஃகுத் தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இருந்தனர். பாடகர் ராப் ஹால்ஃபோர்டு உலோக ஆலைகள் சூழ்ந்த வால்சாலில் வளர்ந்தவர். உலோக ஓசைக்காகக் கரண்டித் தட்டுகளைக் குலுக்கியும், பால் புட்டிகளை உடைத்தும் ஒலிகளைப் பதிவு செய்தனர். குறுகிய, தெளிவான பாடல்கள் கொண்ட இத்தொகுப்பு பட்டியலில் 4ஆம் இடம் பெற்றது.

மோட்டர்ஹெட்: ஓவர்கில் (1979), ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ் (1980)

லெம்மி 1975இல் தொடங்கிய இம்மூவர் குழு, பங்க் இசையின் வேகத்தை மெட்டலுடன் சேர்த்தது. 'ஓவர்கில்' பாடலில் இரு காலாலும் இடைவிடாது அடிக்கப்படும் டிரம்ஸ், பின்னாளைய திராஷ் மெட்டலுக்கு வித்திட்டது.

புதிய அலை

1979இல் சவுண்ட்ஸ் வார இதழ் இளம் குழுக்களின் எழுச்சியைக் குறிக்க 'பிரித்தானிய ஹெவி மெட்டலின் புதிய அலை' என்ற தொடரைப் பயன்படுத்தியது. இவ்வலையின் தலைக்குழு கிழக்கு இலண்டனின் அயர்ன் மெய்டன். அதன் முதல் தொகுப்பு (1980) கரடுமுரடான வேகம் கொண்டது. புரூஸ் டிக்கின்சன் பாடகராகச் சேர்ந்த பின் வந்த 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' (1982) முதலிடம் பெற்றது. பார்ன்ஸ்லியின் சாக்சன் வெளியிட்ட 'வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' (1980) இதே காலத்தது.

பெரிய நிறுவனம் எதுவும் முன்வராததால், டைமண்ட் ஹெட் குழு தன் முதல் தொகுப்பை 1980இல் வெறும் வெள்ளை அட்டையில் தானே வெளியிட்டது. அதன் பாடல்களை அமெரிக்காவின் மெட்டாலிக்கா பின்னர் பாடி உலகறியச் செய்தது. நியூகாசிலின் வெனம் வெளியிட்ட 'பிளாக் மெட்டல்' (1982) ஓர் உட்பிரிவுக்கே பெயரானது.

தாக்கம்

2025 ஜூலை 5 அன்று, பிளாக் சபாத்தின் நால்வரும் தாங்கள் வளர்ந்த ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில் கடைசியாக ஒன்றுசேர்ந்து வாசித்தனர். அம்மேடையில் மெட்டாலிக்கா உள்ளிட்ட பல குழுக்கள் அவர்களுக்கு மரியாதை செலுத்தின. அதே மாதம் 22ஆம் நாள் ஆஸ்போர்ன் காலமானார்.

இவ்விசையைப் புதிதாகக் கேட்போர் 'பாரனாய்டு', 'மெஷின் ஹெட்', 'பிரிட்டிஷ் ஸ்டீல்', 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' என்ற வரிசையில் கேட்டால், பன்னிரண்டு ஆண்டுகளில் இவ்வகை அடைந்த மாற்றத்தைத் தெளிவாக உணரலாம்.