திருநெல்வேலி இலையும் ஆக்லாந்து மாத்திரையும்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நம் அங்கத்தினர்கள், பள்ளி விடுமுறையில் பேதிக்குக் குடித்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். அப்பம்மா காய்ச்சிய கஷாயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிட்டு, அன்று முழுவதும் கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்தோம். அக்கஷாயத்தில் நிலாவாரை இலை சேர்வதுண்டு. அதே இலையின் சாரம்தான் இங்கே ஆக்லாந்து மருந்துக்கடைகளில் சென்னா மாத்திரையாக விற்கப்படுகிறது.

நிலாவாரை, அரேபியப் பக்கத்துச் செடி. ஆயினும் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் வறண்ட நிலத்தில் செழித்துக் கப்பலேறியதால், மேல்நாட்டு மருந்து நூல்களில் 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர் பெற்றது. ஊரின் பெயரைச் சிதைத்தாலும் ஊரை மறக்கவில்லை!

நிழலில் உலர்ந்த இலையை மண், காம்பு நீக்கிக் கரகரப்பாக இடிப்பார்கள். மிக நைசாக இடித்தால் சாறு வடியாமல் அடைத்துக்கொள்ளும். பெரிய எஃகுக் கலத்தில் மதுசாரம் கலந்த நீரில் ஊறவைத்து வடிப்பார்கள். வடித்த சாற்றை நம் கஷாயம்போல் கொதிக்க வைத்தால் சரக்கு கெட்டுவிடும். எனவே காற்றை உறிஞ்சி அகற்றிய கலத்தில், குறைந்த சூட்டிலேயே வற்றவைப்பார்கள். மதுசாரமும் வீணாகாமல் திரும்பக் கிடைக்கும். பின்னர் கால்சியம் உப்பைச் சேர்க்க, 'சென்னோசைடு' என்ற பொருள் அதனுடன் கூடி அடியில் படியும். 1941இல் சுவிட்சர்லாந்தின் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் பிரித்தெடுத்துக் காட்டிய பொருள் இது. படிந்ததை உலர்த்தி, வலிமையை அளந்த பிறகே மாத்திரையாக்குவார்கள். ஒவ்வொரு விளைச்சலிலும் வீரியம் கூடும், குறையும். அதைச் சரிசெய்வது இந்த அளவைதான். அப்பம்மாவின் கைப்பிடிக்கு அந்த வசதி ஏது?

சென்ற ஆண்டு எங்கள் பெரியம்மா, டாக்டர் எழுதிய சென்னா மாத்திரையோடு, ஊரிலிருந்து வந்த நிலாவாரைப் பொடியையும் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி விழுங்கிவிட்டார். மறுநாள் தலைசுற்றி விழுந்தார். கணக்கைப் பாருங்கள்: ஒரு மாத்திரையில் சென்னோசைடு சுமார் 8 மில்லிகிராம். நல்ல இலையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு இருக்கும். தேக்கரண்டிப் பொடி 2 கிராம் என்று கொண்டாலும் 50 மில்லிகிராம், அதாவது ஆறு மாத்திரை! பேதி மிகுந்தால் உடலிலிருந்து நீரோடு பொட்டாசியமும் போய்விடும். இருதயத்துக்கோ, நீர் பிரிவதற்கோ மருந்து சாப்பிடும் முதியவர்களுக்கு இது மிகுந்த ஆபத்து. பொடி சாப்பிடுவதை டாக்டரிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

பெரியம்மா இப்போது நலம். விஷயத்தை விளக்கியபோது கோபித்துக்கொண்டார்: "அதுவும் இதுவும் ஒண்டெண்டு எனக்கு ஆர் சொன்னது?"